தீவுக்காரரின் தசைகளும் நானும்

எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள் என்று நம்பி வருகிறவரை, எண்ணெயும் இல்லாமல் உருவலும் இல்லாமல், வீட்டில் போய்ச் செய்யச் சொல்லி நாலு பயிற்சியோடு திருப்பி அனுப்புகிற தொழில் எங்களுடையது. படித்த பெயர் இயன்மருத்துவம். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் அதற்கு ஒரே பெயர்தான், 'பிசியோ'. எனக்கும் அதே பெயர்தான்.

சரவணையில் இருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவேன். மாதத்தில் இரண்டு நாள் குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போவேன். இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு இந்த நேரத்திலும் கழுத்துப் பிடித்திருக்கும், அல்லது இடுப்புப் பக்கம் நாரி உழையும். ஆகவே நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இராது. நல்லபடியாக முடிந்த சிலதை மட்டும் சொல்லுகிறேன்.

கை மெலிந்த கதை

சூசை அண்ணை மெலிஞ்சிமுனையில் கடல்தொழில் செய்கிறவர். வள்ளத்தைக் கரையேற்றும்போது சறுக்கி விழுந்து வலது கை முறிந்துவிட்டது. ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், பிளாஸ்டர். அதை வெட்டிக் கழற்றிய அன்று நேராக என்னிடம் அனுப்பினார்கள். அவர் கதிரையில் இருந்து இரண்டு கைகளையும் மேசையில் வைத்தார். இடது கை கடல்காரனின் கை. வலது கை யாரோ நோயாளியின் கையைக் கொண்டுவந்து பொருத்தியது போல இருந்தது. "தங்கச்சி, மறைக்காமல் சொல்லும். உள்ளுக்குள்ள இருந்து என்னத்தையோ வெட்டி எடுத்துப்போட்டாங்கள் எண்டு மனுசி சொல்லுறா. மெய்யே?" என்று கேட்டார். அவர் பகிடி விடவில்லை. அந்தக் கை வலை இழுக்காவிட்டால் வள்ளத்தில் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

எலும்பின் படம் மட்டும்தான் சுவரில் இருந்தது. அது அவருக்கு உதவாது. மேசைக்குக் கீழே கிடந்த நைலோன் கயிற்றை எடுத்து நுனியைப் பிரித்துக் காட்டினேன். கயிற்றுக்குள் புரி, புரிக்குள் நூல், நூலுக்குள் இன்னும் மெல்லிய இழை. தசையும் அப்படித்தான். வேலை இல்லாமல் கிடந்தால் நூல்கள் அறுவதில்லை, ஒவ்வொன்றும் மெலிந்துபோகும், அவ்வளவுதான். "அது சரி, நூல் எப்பிடி இழுக்கும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கல்லூரியில் நான் கேட்காத கேள்வி. கரைவலை இழுக்கிற ஆட்களைச் சொன்னேன். தசையின் இழைகளில் தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று. தடித்த இழையில் சின்னச் சின்னக் கைகள் இருக்கின்றன. அவை மெல்லிய இழையைப் பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி முன்னுக்குப் பிடித்து இழுக்கின்றன. எல்லாக் கையும் ஒரே நேரத்தில் விடுவதில்லை. விட்டால் வலை திரும்பிப் போய்விடும். அவர் மெலிந்த கையை ஒருதரம் மடக்கி நீட்டிப் பார்த்தார்.

மணல் நிரப்பிய போத்தலில் தொடங்கி, வாளித் தண்ணீருக்கு வந்து, பிறகு வள்ளக் கயிறு வரை இரண்டு மாதம் போனது. என்னுடைய அளவு நாடாவை அவர் நம்பவில்லை. கிழமைக்கு ஒரு தடவை வலைநூலைப் புயத்தில் சுற்றி, அளவு வந்த இடத்தில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். கடைசி நாள் அந்த நூலை என் மேசையில் விரித்து வைத்தார். முடிச்சுகள் ஒன்றைவிட ஒன்று தள்ளித் தள்ளிப் போயிருந்தன. அடுத்த நாள் கடலுக்குப் போவதாகச் சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"எலும்பு ஒட்டினதை டொக்டர் படத்தில காட்டினவர். தசை வந்ததை நான்தான் நூலில காட்டிப்போட்டன், தங்கச்சி. நீர் சும்மா பக்கத்தில நிண்டனீர்."

கமரா பழுது

மாலினி ரீச்சர் புங்குடுதீவில் படிப்பிக்கிறா. ஒருநாள் காலையில் பல்லு மினுக்கி வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கத்தால் ஒழுகியிருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தின் வலது பக்கம் அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கிறது. கண் மூடவில்லை. வீட்டில் பாரிசவாதம் என்று அழுதார்கள், அயலில் செய்வினை என்றார்கள். டொக்டர் பார்த்துவிட்டு, முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது, மூளையில் ஒன்றும் இல்லை என்று சொல்லி மருந்து கொடுத்து, சில நாள் கழித்து என்னிடம் அனுப்பினார்.

ரீச்சருக்கு வாயைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கணவன் கனடாவில். அங்கே நிரந்தரமாக இருப்பதற்கான விண்ணப்பம் முடிவுக்கு வருகிற நேரம். "இந்த முகத்தைக் கண்டார் எண்டால் எல்லாத்தையும் போட்டிட்டு அடுத்த பிளேனில வந்திடுவார், மிஸ். ஐஞ்சு வருசமாப் பட்ட பாடு வீணாப் போயிடும்" என்றா. அதனால் போனில் கமரா பழுது என்று சொல்லிவிட்டு, குரலை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தா. 'ப', 'ம' வருகிற சொற்களை வாய்க்குள் விழுங்கி, சளித் தடிமன் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தா.

உடம்பில் மற்றத் தசைகள் அநேகமாக எலும்பில் தொடங்கி எலும்பில் முடிகிறவை. முகத்துத் தசைகள் அப்படியில்லை. அவற்றின் மறுநுனி தோலிலேயே தைத்திருக்கிறது. அதனால்தான் தசை அசைந்தால் தோலும் அசைந்து சிரிப்பாகவும் கோபமாகவும் தெரிகிறது. ரீச்சரின் தசைக்கு ஒன்றும் நடக்கவில்லை, அதற்குச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான் என்று விளக்கினேன். கண்ணாடிக்கு முன் இருந்து புருவத்தை உயர்த்துவது, கன்னத்தை ஊதுவது, மூக்கைச் சுருக்குவது, கண்ணை மெல்ல மூடிப் பார்ப்பது. நாலு கிழமை போனது, ஐந்து போனது. ஒன்றும் அசையவில்லை. சொல்லிக்கொண்டிருந்த எனக்கே உள்ளுக்குள் பயம் தொடங்கிவிட்டது.

ஆறாவது கிழமை ஒருநாள், "இன்னும் ஒருக்கால் செய்யுங்கோ ரீச்சர்" என்றேன். பத்தாவது தடவையோ என்னவோ. அவவுக்குச் சினம் வந்து என்னைப் பார்த்து முறைத்தா. முறைத்தபோது இரண்டு புருவமும் சுருங்கின. நான் கண்ணாடியை அவவின் பக்கம் திருப்பினேன். பார்த்தா, அழுதா, மறுபடி முறைத்துப் பார்த்தா. சிரிப்பு வர இன்னும் மூன்று கிழமை எடுத்தது. ஆனால் கோபம் வந்த அன்றைக்கே எங்கள் இருவருக்கும் மூச்சு வந்துவிட்டது. முகம் நேரான பிறகு ஒருநாள், கையில் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தா.

"கமரா பழுது எண்டு இரண்டு மாதமாச் சொல்லிப்போட்டன், மிஸ். மனுசன் பாவம், புதுப் போன் வாங்கி அனுப்பிப்போட்டார். இனி இதைத் திறந்து எப்பிடிச் சிரிக்கிறது எண்டு சொல்லித் தாங்கோ."

தோளை உருவிவிடச் சொன்னவர்

நெடுந்தீவில் இராசையா அண்ணையைத் தெரியாதவர்கள் இல்லை. கடற்கல்லை அடுக்கிச் சாந்து இல்லாமலே வேலி கட்டுகிறவர். வயது அறுபதுக்குக் கிட்ட. கிளினிக் நாளில் வந்து, இடது தோளைக் காட்டி, நேற்றுக் கல்லுத் தூக்கியதில் பிடித்துவிட்டது, எண்ணெய் போட்டு உருவிவிடுங்கோ என்று சேர்ட்டைக் கழற்றிக்கொண்டு கட்டிலில் ஏறிவிட்டார்.

தோளை அழுத்திப் பார்த்தேன். எங்கேயும் நோகவில்லை. கையை உயர்த்தச் சொன்னேன், பின்னால் கொண்டுபோகச் சொன்னேன், என் கையைத் தள்ளச் சொன்னேன். எல்லாம் சுகமாகச் செய்தார். தசைப்பிடிப்பு என்றால் அந்தத் தசையை அழுத்தினாலோ அதற்கு வேலை கொடுத்தாலோ நொந்தே ஆகவேண்டும். எப்போது நோகிறது என்று கேட்டேன். "இஞ்ச நடந்து வரேக்கதான் நொந்தது. ஆறுதலா இருந்தால் இல்லை" என்றார். நெற்றி வியர்த்திருந்தது. வெளியே நல்ல கச்சான் காற்று, வியர்க்கிற நாளே இல்லை. நான் அவரை எழும்பவே விடவில்லை. டொக்டரை அங்கேயே கூப்பிட்டேன். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

பின்னேரப் படகுக்குக் காத்திருக்க நேரமில்லை. கடற்படையின் வேகப்படகு வந்தது. இராசையா அண்ணைக்கோ மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவில்லை என்ற கவலை. இறங்குதுறையில் அவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டா. "தசைப்பிடிப்புத்தானே, பிள்ளை?" என்று கேட்டா. பொய் சொல்லவும் மனம் வரவில்லை, பயப்படுத்தவும் மனம் வரவில்லை. "ஓம் அம்மா, தசைதான். நெஞ்சுக்குள்ள இருக்கிற தசை" என்றேன். மற்றத் தசை மெலிந்தால் திரும்ப வளர்க்கலாம். இதயத் தசைக்கு ரத்தம் போகாமல் ஒரு பகுதி செத்தால் செத்ததுதான், அந்த இடத்தில் தழும்புதான் வரும். அதை நான் அவவுக்குச் சொல்லவில்லை. படகு அலையில் ஏறி ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றோம். அடுத்த நாள் மத்தியானம் டொக்டரின் போன் வந்தது. அடைப்பை எடுத்தாகிவிட்டது, பெரிய சேதம் இல்லை. நான் குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். கறி அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எழும்பினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தார். இரண்டு மைல் நடந்து வந்ததாகச் சொன்னார், தோள் நோகவில்லையாம். வந்தவர் போகாமல் நின்றார். என்ன அண்ணை என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை மிஸ். தோளை உருவிவிடச் சொல்லி வந்தனான், யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப்போட்டியள். இன்னும் உருவிவிடேல்லை."

பிளேன்ரீ நிறம்

எல்லாம் நான் கண்டுபிடித்தது போலச் சொல்லிக்கொண்டு போகிறேன். கண்டுபிடிக்காமல் விட்டதையும் சொல்லவேண்டும்.

குணா என்றொருவர், நாற்பத்தைந்து வயது, சுவிஸில் இருந்து வந்தவர். புங்குடுதீவில் தாய் தகப்பனின் வளவு பற்றை மண்டிக் கிடந்தது. கூலிக்கு ஆள் பிடிக்காமல் தானே கோடாலியும் அலவாங்குமாக இறங்கி, ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்று வேரோடு பிடுங்கியிருக்கிறார். அங்கே நாள்தோறும் ஜிம்முக்குப் போகிற உடம்பு, இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்திருக்கிறார். மூன்றாம் நாள் கையைக் கழுத்துக்கு மேலே கொண்டுபோக முடியாமல் என்னிடம் வந்தார். புயம் வீங்கிக் கல்லுப் போல இருந்தது. பழக்கமில்லாத வேலை செய்தால் தசை நார்களில் சின்னச் சின்னக் கிழிவுகள் வரும், இரண்டாம் மூன்றாம் நாள்தான் நோ கூடும், பயப்பட ஒன்றும் இல்லை என்று ஒரு சின்னப் பிரசங்கமே வைத்தேன். ஐஸ் வைத்து, ஓய்வு எடுக்கச் சொன்னேன். அவர் மலசலகூடம் எந்தப் பக்கம் என்று கேட்டுப் போய்விட்டு வந்து, நன்றி சொல்லி, வாசலில் ஓட்டோவுக்குக் காத்து நின்றார்.

எங்கள் சிற்றூழியர் செல்வமலர் அக்கா கூட்டுகிற தும்புத்தடியோடு வந்து என் காதுக்குள் சொன்னா: "மிஸ், உந்தச் சுவிஸ் தம்பி தண்ணி ஊத்தாமல் வந்திட்டார். உள்ளுக்கு பால் விடாமல் நல்ல சாயம் போட்ட பிளேன்ரீ மாதிரி நிக்குது." நான் வாசலுக்கு ஓடினேன். ஓட்டோ திரும்பிக்கொண்டிருந்தது, மறித்து அவரை இறக்கினேன். சின்னக் கிழிவு என்று நான் சொன்னது பெரிய உடைவு. தசை அப்படி உடைந்தால் அதற்குள் இருக்கிற சிவப்புச் சத்து ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைப் போய் அடைத்துவிடும். அந்த நிறத்தைப் பற்றி நான்தான் முதலில் கேட்டிருக்கவேண்டும். அவருக்கு அதைச் சொல்ல வெட்கம், எனக்குப் பிரசங்கம் வைக்கிற அவசரம்.

உடனேயே சேலைன் ஏற்றி, யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். ஐந்து நாள் அங்கே இருந்தார். சிறுநீரகம் தப்பிவிட்டது. அவர் ஒரு பெரிய சொக்லேட் பெட்டியோடு வந்து நன்றி சொன்னபோது, பெட்டியைச் செல்வமலர் அக்காவின் கையில் கொடுக்கச் சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். அவ பெட்டியை வாங்கி, இரண்டு சொக்லேட்டை எடுத்து என் மேசையில் வைத்தா.

"மிஸ் தசையைப் பாருங்கோ, நான் கக்கூஸைப் பாக்கிறன். ரெண்டு பேரும் பாத்தாத்தான் ஆள் முழுசாத் தெரியும்."

மூன்று தலையணை

பரமேஸ் அக்கா காரைநகர்ச் சிவன் கோவிலுக்குக் கிட்டத் தனியாக இருக்கிறா. தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவ. கலியாணம் செய்யவில்லை. வயது அறுபத்தெட்டு. குசினியில் சறுக்கி விழுந்து, முறிவு ஒன்றும் இல்லாமலே, எழும்பத் தெம்பில்லாமல் மத்தியானம் வரை நிலத்தில் கிடந்திருக்கிறா. அடுத்த வீட்டார் தேங்காய் கேட்டு வந்தபோதுதான் கண்டிருக்கிறார்கள். செய்தி கேட்டு லண்டனில் இருந்து தம்பி வந்து இறங்கினார். அக்காவைக் கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டுத்தான் போவது என்று முடிவு. "பிள்ளை, அவனுக்கு லீவு ஆறு கிழமை. அதுக்குள்ள நான் நிமிர்ந்தால் என்ர வீடு, இல்லாட்டிக் கொழும்பு" என்று என்னிடம் வந்தா.

சாதாரணக் கதிரையில் இருத்தி, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழும்பச் சொன்னேன். ஒரு தடவைகூட முடியவில்லை. முன்தொடையில் நாலு பகுதியாக ஒரு பெரிய தசை இருக்கிறது. கதிரையில் இருந்து எழும்புவது, படி ஏறுவது, விழப்போகும்போது காலை ஊன்றுவது எல்லாம் அதை நம்பித்தான். வயது போகப்போக அது சத்தம் போடாமல் கரையும். விழுகிற அன்றுதான் தெரியவரும். ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. எந்த வயதிலும் சுமை கொடுத்தால் வளரும். "உங்கட தொடைக்கு உங்கட வயது தெரியாது, அக்கா" என்றேன். கதிரையில் மூன்று தலையணை அடுக்கி உயர்த்தி, அதில் இருந்து எழும்பப் பழக்கினேன். காலையில் பத்து, பின்னேரம் பத்து. அவ மச்சம் மாமிசம் தொடாதவ, பயறும் உளுந்தும் பாலும் கூட்டச் சொன்னேன். இரண்டாம் கிழமை ஒரு தலையணை போனது. நாலாம் கிழமை அடுத்தது. கடைசித் தலையணை போக மறுத்தது. ஒருநாள் எழும்பும்போது பாதியில் நின்று கால் நடுங்கித் திரும்பவும் கதிரையில் விழுந்தா. "சரி பிள்ளை, கொழும்பும் ஒரு ஊர்தானே" என்றா. அன்றைக்கு வீடு திரும்பும்போது எனக்குப் பஸ்ஸில் ஒன்றும் ஓடவில்லை.

தம்பியின் லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தலையணை இல்லாத மரக்கதிரை. கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழும்பினால் தனியாக இருக்க விடலாம் என்று தம்பியிடம் முன்பே பேசி வைத்திருந்தேன். அவர் எதிரே சாய்மனைக் கதிரையில் இருந்து எண்ணினார். முதல் இரண்டும் சுகம். மூன்றாவதில் ஆடினா, நான் கையை நீட்டாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலு. ஐந்து. நின்றுவிடுவா என்று பார்த்தால், ஆறாவதையும் எழும்பி, சேலையைச் சரிசெய்துகொண்டு தம்பியைப் பார்த்தா. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாய்மனையின் இரண்டு கைப்பிடியையும் ஊன்றி, முனகிக்கொண்டு எழும்ப வெளிக்கிட்டார்.

"தம்பி, இரு. கையைக் கட்டிக்கொண்டு எழும்பு பாப்பம். இல்லாட்டி உன்னைக் கொழும்பில விட்டிட்டுத்தான் நான் வீட்டை வருவன்."

என்னுடைய முறை

கடைசியாக ஒன்று. போன மாதம் வீட்டில் காஸ் சிலிண்டரை மாற்றினேன். முழங்காலை மடக்கி, பாரத்தை உடம்போடு அணைத்துத் தூக்கவேண்டும் என்று வருடக் கணக்காக ஊருக்குச் சொல்லுகிற நான், குனிந்து ஒரே இழுவையில் தூக்கினேன். நாரியில் 'கடக்' என்றது. அடுத்த நாள் பஸ்ஸில் கோணலாக நின்று வேலைக்குப் போய், கிளினிக் தொடங்க முன்னம் என்னுடைய கட்டிலிலேயே குப்புறப் படுத்துவிட்டேன். கிழிவோ முறிவோ இல்லை, பயந்துபோன முதுகுத் தசைகள் இறுகிப்போய் விட மறுக்கின்றன, அவ்வளவுதான் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். விளக்கம் நோவைக் குறைக்கவில்லை. வெளியே வாங்கில் வரிசையாக இருந்தவர்கள் திரை விலகிய பக்கத்தால் எட்டிப் பார்த்தார்கள். நாலு நாளில் தசை தானாக இளகி நான் நிமிர்ந்துவிட்டேன். ஆனால் அன்று வரிசையில் முதலாவதாக இருந்த வேலணை அம்மா பக்கத்தில் இருந்தவவுக்குச் சொன்னது இன்னும் கேட்கிறது.

"எழும்பு, போவம். மிஸ்ஸின்ர நாரியே இப்பிடியெண்டால் எங்கட நாரி நல்ல நாரி."

இத்தனை வருடப் பழக்கத்தில் நான் கண்டது, தசைகள் எல்லாம் சொல்வழி கேட்கிறவை, கேட்காதவர்கள் அவற்றின் சொந்தக்காரர்கள் மட்டும்தான், அந்த வரிசையில் நானும் ஒருத்தி.